மூச்சு திரும்பியது சூட்டினால் அல்ல

அன்புள்ள மகளே,

ஏழு வயதில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் நேரம். அம்மா உன் பாவாடை நாடாவை முடிந்துகொண்டிருந்தாள். நீ குனிந்து, தொப்புளுக்கு இரண்டு பக்கமும் இருந்த தழும்புகளை விரலால் தொட்டுவிட்டு, "அப்பா, இது ரெண்டும் எனக்கு மட்டும் ஏன் இருக்கு?" என்றாய். நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். கண்ணாடியைப் பார்த்தபடியே பதில் சொன்னேன். சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன் மூச்சு நின்றுவிட்டது என்றும், அந்த இரண்டும்தான் அதைத் திரும்பக் கொண்டுவந்தன என்றும் சொன்னேன். அம்மா நாடாவை ஒரே இழுப்பாக இறுக்கினாள். நீ "வலிக்குதும்மா" என்றாய். உனக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. அன்றே வகுப்பில் தோழிகளுக்கு அதைப் பெருமையாகச் சொன்னாய் என்று கேள்விப்பட்டேன். மகளே, அந்தப் பதில் பொய். பொய் என்று தெரிந்துதான் சொன்னேன்.

முந்தாநாள் மடுல்கெல்லையிலிருந்து உன் கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன். பேரன் கையிலிருந்து அவன் அப்பாவின் பைக்கடிகாரத்தை வாங்கியதும் வீறிட்டு அழுதான் என்று எழுதியிருக்கிறாய். அழுகை பாதியில் சத்தமில்லாமல் போய், வாய் திறந்தபடியே நிற்க, உதடு நீலமாகி, ஈரத் துணிபோல் துவண்டு விழுந்தானாம். கைகால் இரண்டு தடவை வெட்டி இழுத்ததாம். இந்த மாதத்தில் இது நான்காவது முறை. உன் மாமியார் அதை வலிப்பு என்று முடிவு செய்து, வரும் வெள்ளிக்கிழமை காலையில் மஞ்சள் சூடு வைக்க ஆளும் சொல்லிவிட்டார். நீ தயங்கியபோது அவர் கேட்ட கேள்வியையும் அப்படியே எழுதியிருக்கிறாய். "ஒன் வயித்தத் தொட்டுப் பாரு தாயி. அது வைக்கலேன்னா நீ இன்னிக்கு இந்த வீட்டுல நிப்பியா?" அதனால் என்னைக் கேட்கிறாய். 'எனக்கு அதனால்தானே நல்லானது அப்பா? இவனுக்கும் வைக்கட்டுமா? ஒரு வார்த்தை எழுதுங்கள்.'

ஒரு வார்த்தைதானே, இதோ: வேண்டாம். மீதிக் கடிதம் முழுவதும் அந்த ஒரு வார்த்தைக்கு நான் சொல்ல வேண்டிய நியாயம். உன் வயிற்றைக் காட்டித்தான் உன் மகனுக்குச் சூடு வைக்கப்போகிறார்கள். அந்தச் சாட்சியைத் தயார் செய்தவன் நான். அதைக் கலைக்க வேண்டியவனும் நான்தான். நேற்று எழுத உட்கார்ந்து, காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தபோது உன் அம்மா வந்து கதிரையின் பின்னால் நின்றாள். "பொய் சொன்னத எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை, முதலில் மூச்சு எப்படி நடக்கிறது என்று விளக்குகிறேன் என்றேன். "மூச்சு அது பாட்டுக்கு நடக்கும். மொதல்ல பொய்ய எழுதுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

நாம் அப்போது பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். லயத்தின், அந்த நீள வரிசை வீட்டின், கடைசியில் இரண்டு காம்பராக்கள் நமக்கு. அதை ஒட்டியே பள்ளிக்கூடம். உன் மகனுக்கு இப்போது இருப்பதுபோல் உனக்கும் அப்போது ஒன்றரை வயது. ஒருநாள் என் மேசையிலிருந்த சோக்குக் கட்டியை எடுத்துத் தின்றுகொண்டிருந்தாய். நான் பிடுங்கினேன். உன் மகனுக்கு நடந்ததெல்லாம் உனக்கும் நடந்தது. அந்த நீலமும், துவளுவதும், இரண்டு வெட்டும். நான் உன்னைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினேன். யாரோ முகத்தில் தண்ணீரை ஊற்றினார்கள். நீ மூச்சை இழுத்தாய். ஒரு வாரத்தில் அதுபோல் மூன்று முறை. லயத்தில் எல்லோரும் வலிப்பு என்றார்கள். அடுத்த டிவிசனில் சூடு வைக்கும் கிழவர் ஒருவர் இருந்தார். உன் அம்மா வேண்டாம் என்றாள். "புள்ளைக்குக் கோவம் வந்தாத்தானே வருது? தூங்கும்போது வரலியே, சிரிக்கும்போது வரலியே. கோவத்துக்கா சூடு வைப்பாங்க?" என்று கேட்டாள். அவள் பள்ளிக்கூடத்தில் காலடி வைக்காதவள். நான் ஆசிரியப் பயிற்சி முடித்து, சுகாதாரப் பாடம் நடத்துகிறவன். எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா என்று அதட்டினேன். கிழவரைக் கூட்டிவந்தது நான்தான்.

அவர் கெட்டவர் அல்ல. காசு வாங்கவில்லை, வெற்றிலை மட்டும் வாங்கிக்கொண்டார். விரலி மஞ்சளின் நுனியை நல்லெண்ணெய் விளக்கில் காட்டி, அது கனன்றதும் ஊதிவிட்டு, உன் வயிற்றில் வைத்தார். ஒரு பக்கம் வைத்துவிட்டு மறுபடியும் காட்டி மறுபக்கம் வைத்தார். உன் கைகளைப் பக்கத்துக் காம்பராப் பெண் பிடித்திருந்தாள். கால்களைப் பிடித்திருந்தவை என் கைகள். முதல் சூட்டில் நீ அழுத அழுகையில் அப்படியே மூச்சு நின்று நீலமானாய். அதைப் பார்த்த எல்லோரும், உள்ளே இருப்பது வெளியே போகிறது என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். நம்ப வேண்டும்போல் இருந்தது.

அதன் பிறகு பதினொரு நாள் உனக்கு அது வரவில்லை. புண் பழுத்துக் காய்ச்சலில் கிடந்தாய். கிடந்த பிள்ளை எதைக் கேட்டாலும் கொடுத்தோம். அப்போது உனக்குக் கோபம் வர என்ன இருந்தது? ஆனால் நான் அந்தப் பதினொரு நாளைக்குள் தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டேன். பிரட்டுக் களத்தில் காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் இடத்தில் நின்று சொன்னேன். என் பிள்ளைக்கு வைத்தேன், நின்றுவிட்டது என்று. பன்னிரண்டாம் நாள் நீ அம்மாவின் சீப்பைக் கேட்டு, அவள் தராமல், மறுபடியும் நீலமானாய். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சொன்னது இதுதான்: "வெளிய சொல்லாத."

வாத்தியார் வீட்டிலேயே வைத்துவிட்டார்கள் என்ற ஒரு பேச்சுப் போதுமாயிருந்தது. எனக்குத் தெரிந்து ஐந்து குழந்தைகளுக்கு வைத்தார்கள். ஒரு தாய், கொழுந்துக் கூடையை இறக்காமலே பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, இடுப்பிலிருந்த பெண் குழந்தையின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். உள்ளங்கை அகலத்துக்குப் புண். "நீங்க சொன்ன மாதிரியேதான் வச்சோம் வாத்தியாரய்யா. நின்னுடும்ல?" என்று கேட்டாள். முந்தைய நாள்தான் நீ இரண்டு முறை நீலமாகியிருந்தாய். அவள் முகத்தைப் பார்த்து நான், "நின்னுடும்," என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசிய சொற்களில் ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது வரம் தந்தால், அந்தச் சொல்லைத்தான் கேட்பேன். அந்தக் குழந்தைக்குப் புண் ஆற மூன்று மாதமாயிற்று. அவள் பிழைத்தாள். இன்றும் அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். அவளுக்கும் நின்றது, மூன்று வயதானபோது. உனக்கு நின்ற மாதிரியே, தானாக.

அந்தத் தாய் வந்த அன்று மாலை உன்னைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து மருந்துசாலைக்குப் போனேன். அங்கே இருந்த டிஸ்பென்சர் யாழ்ப்பாணத்துக்காரர். முசுட்டு மனிதர் என்று பெயர். உன் வயிற்றைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்களோ மாஸ்டர் இதைச் செய்தது?" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திட்டவில்லை. உன் கண்ணிமையின் உட்புறத்தை இழுத்துப் பார்த்தார். எப்போதெல்லாம் வருகிறது, அழுதபின்னா அழாமலா, காய்ச்சலிலா, தூக்கத்திலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு என்னை வாங்கில் உட்காரச் சொன்னார். "இனி உங்கட மூச்சைப் பிடியுங்கோ பாப்பம். உங்களுக்கு எவ்வளவு பிடிவாதம் இருக்கோ அவ்வளவையும் காட்டுங்கோ," என்று சொல்லிக் கடிகாரத்தைக் கையில் எடுத்தார்.

பிடித்தேன். உன்னைப் பற்றிய பயம், அந்தத் தாயின் முகம், என் மேலேயே எனக்கிருந்த ஆத்திரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. பிறகு வயிறு தானாக உள்ளே இழுத்து இழுத்து அடித்தது. காதில் இரைச்சல். ஒரு நிமிஷத்துக்குச் சற்று முன்னால், நான் அனுமதி கொடுக்காமலே, என் வாய் திறந்து காற்று உள்ளே பாய்ந்தது. டிஸ்பென்சர் சிரித்தார். "வளர்ந்த ஆம்பிளை உங்களாலயே ஏலாது. அந்தப் பிள்ளை மூச்சை நிப்பாட்டிச் சாகுமோ?" என்றார். அதன் பிறகு அவர் எனக்குச் சொன்ன பாடத்தை இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். சொந்த மகளுக்கு இன்றுதான் நடத்துகிறேன்.

நாம் மூச்சு விடுவது காற்று குறைந்துவிட்டது என்பதற்காகத்தான் என்று எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அது காரணமல்ல. விறகு எரிந்தால் புகை வருவதுபோல், நாம் தின்ற சோறு உடம்புக்குள் மெல்ல எரியும்போது கரியமில வாயு உண்டாகிறது. அது இரத்தத்தில் கலந்து நெஞ்சுக்கு வந்து, வெளிமூச்சோடு போகிறது. மூச்சைப் பிடித்தால் அது போக வழியில்லாமல் இரத்தத்தில் ஏறுகிறது. பிடரிக்கு நேர் உள்ளே, மூளையின் அடித்தண்டில் ஒரு காவல் இருக்கிறது. அந்தக் காவல் இராப்பகலாக இரத்தத்தைச் சோதித்துக்கொண்டே இருக்கிறது. கரியமிலம் கொஞ்சம் ஏறினால் போதும், மூச்சை இழு என்று மார்புக்கு உத்தரவு போகிறது. அடுத்த முறை கண்டிக்கு வந்தால் வாவியின் கரையில் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடத்தை உன் மகனுக்குக் காட்டு. அங்கே கதவைத் திறக்க ஆளில்லை. தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்தால் வழிகிறது, அவ்வளவுதான். ஊரே கூடிக் கரையில் நின்று வழியாதே என்று கத்தினாலும் வழியும். மூச்சும் அப்படித்தான்.

இன்னொரு உதாரணம், இது தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்குப் புரியும். ஸ்டோரில் இஞ்சினுக்கு மேலே இரண்டு இரும்புக் குண்டுகள் சுழலுமே, அதைப் பார்க்கச் சொல். கொழுந்து அரைக்கும் உருளைகளில் பாரம் ஏறி இஞ்சின் தளர்ந்தால் குண்டுகள் தாழ்ந்து, அந்த அசைவே இஞ்சினுக்குத் தீனியைக் கூட்டுகிறது. வேகம் மிஞ்சினால் குண்டுகள் விரிந்து, தீனியைக் குறைக்கின்றன. ஒவ்வொரு தரமும் ஓடிவந்து திருக ஆள் வேண்டியதில்லை. நீ கூடையோடு மலை ஏறும் பெண்களைப் பார். ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, மேலே போய் நின்றதும் தணிகிறது. அவர்களில் யாராவது, இனி வேகமாக மூச்சு விடுவோம், இனி மெதுவாக விடுவோம் என்று தீர்மானிக்கிறார்களா? நீ உறங்கும்போதும் அந்தக் காவல் உறங்குவதில்லை. நாம் பேசும்போதும் பாடும்போதும் விழுங்கும்போதும் சற்று நேரம் நம் இஷ்டத்துக்கு மூச்சை நிறுத்த அது விடுகிறது. விடுமே தவிர, கயிற்றை நம் கையில் கொடுத்துவிடாது.

இப்போது உன் மகனுக்கு வா. அவன் வீறிட்டு அழும்போது உள்ளே இருக்கும் காற்றெல்லாம் வெளியே போய்விடுகிறது. போன இடத்தில் மூச்சு சிக்கிக்கொள்கிறது. அவன் வேண்டுமென்று செய்வதில்லை, அதனால் அடம் என்று அவனை அடிக்காதே. உதடு நீலமாகிறது, நினைவு தப்புகிறது. நினைவு தப்பும் அந்த இடத்தில்தான் நாம் எல்லோரும் அலறுகிறோம். ஆனால் டிஸ்பென்சர் என்னிடம் சொன்னது இது. "மயங்கினவுடன பிள்ளையின்ர கோபமும் மயங்கிப்போகுது மாஸ்டர். பிறகு மறிக்க ஆருமில்லை. காவல்காரன் தன்ர வேலையைப் பாப்பான்." நான் உன்னைத் தலைகீழாக உலுக்கினபோதும், தண்ணீர் ஊற்றினபோதும், மஞ்சளால் சுட்டபோதும், நீ மூச்சை இழுத்தது அந்தக் காவலால். நாங்கள் ஒவ்வொருவரும் குறுக்கே ஓடிவந்து பெயரைத் தட்டிக்கொண்டு போனோம். அவ்வளவுதான் நடந்தது.

அவர் இரும்புச் சத்து மருந்து ஒரு போத்தல் கொடுத்தார், உனக்கு இரத்தம் குறைவு என்று. இனி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் சொன்னார். ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் ஊற்றாதே, உலுக்காதே, விழித்ததும் சாதாரணமாக இரு, எதற்காக அழுதாளோ அதைக் கொடுக்காதே. கேட்பதற்கு எவ்வளவு சுலபம். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் ஒப்பித்தேன். அவள், "இதத்தானே நானும் சொன்னேன். நான் சொன்னா யாழ்ப்பாணத்துல இருந்து வந்த மாதிரியா இருக்கும்?" என்றாள்.

இரண்டு நாள் கழித்து வந்தது. இந்த முறை என் குடையைக் கேட்டு அழுதாய். அம்மா உன்னைப் பாயில் ஒருக்களித்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆயத் தொடங்கினாள். கீரையையும் தண்டையும் ஒன்றாகவே சுளகில் போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் லயத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். பிள்ளை சாகிறாள், கல் நெஞ்சுக்காரி கீரை ஆய்கிறாள் என்றாள் ஒருத்தி. உள்ளே வரப் பார்த்தவளை அம்மா நிமிர்ந்து பார்த்து, "ஒரு அடி வச்ச, இந்தச் சுளகாலயே அடிப்பேன். எம் புள்ளைக்கு மூச்சு விடத் தெரியும்," என்றாள். மகளே, அப்போது நான் எங்கே நின்றேன் தெரியுமா? வாசலுக்கு வெளியே. அந்தப் பெண்களோடு. பாடத்தைக் கேட்டு வந்தவன் நான், பரீட்சை எழுதியவள் அவள். எத்தனை நேரம் என்று தெரியாது, ஒரு நிமிஷம்கூட இருக்காது. நீ ஒரு பெரிய மூச்சை இழுத்தாய். நிறம் திரும்பியது. கொட்டாவி விட்டாய். குடையை மறந்து, கீரைத் தண்டு ஒன்றை எடுத்துக்கொண்டாய். அம்மா அப்போதுதான் அழுதாள்.

அதன் பிறகும் இரண்டு வருஷம் அவ்வப்போது வந்தது. நான்கு வயதுக்குள் இல்லாமல் போயிற்று. சூடு வைத்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் இரண்டு வருஷத்துக்கு மேல். இந்தக் கணக்கை நான் யாரிடமும் சொல்லவில்லை. படித்தவர் என்று என்னை வணங்கிய ஊரில், படித்தவர் ஏமாந்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண்டிக்கு மாற்றலாகி வந்து, கரும்பலகையில் நெஞ்சுக்கூட்டின் படம் வரைந்து, கரியமிலம் என்றும் காவல் என்றும் விளக்கினேன். வீட்டில் நீ உன் தழும்பைப் பற்றிக் கேட்டபோது கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேன். அந்தப் பொய் இப்போது இருபது வருஷம் வளர்ந்து, என் பேரனின் வயிற்றுக்கு வந்து நிற்கிறது.

உன் மாமியாரைக் குறைவாகப் பேசாதே. அவருக்கு ஒரு பெண் குழந்தை காய்ச்சலில் வலிப்பு வந்து இறந்தது என்று கல்யாணத்தின்போதே எனக்குச் சொன்னார்கள். அவர் பயப்படுவது நியாயம். பயந்தவருக்கு ஏதாவது செய்ய வேண்டும்போல் இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதனால் அவருக்குச் செய்ய ஒரு வேலை கொடு. பேரன் விழும்போது நேரம் பார்ப்பதும், ஒருக்களித்துப் படுக்க வைப்பதும் அவர் பொறுப்பாக இருக்கட்டும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் மறைத்துத்தான் இந்தக் கதியானோம். எல்லா மயக்கமும் இதுவல்ல. அழாமல் வந்தால், தூக்கத்தில் வந்தால், காய்ச்சலோடு வந்தால், இழுப்பு நிற்காமல் போனால், விழித்தும் தெளியாமல் கிடந்தால், ஒரு நொடி தாமதிக்காமல் மருந்துசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடு, கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவா. எப்படி இருந்தாலும் வெள்ளிக்கிழமைக்கு முன் ஒரு தடவை உங்கள் தோட்டத்து டிஸ்பென்சரிடம் காட்டு. இரத்தம் குறைவா என்று பார்க்கட்டும். அது வலிப்பாகவே இருந்தாலும் மஞ்சள் அதற்கும் மருந்தல்ல. சுட்ட இடத்தில் புண் வருமே தவிர வேறு எதுவும் வராது.

சூடு வைக்கச் சம்மதிக்காவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பன் வீட்டுக்குப் போ என்று மாமியார் சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். அதை எழுதிய வரியில் மை கலைந்திருந்தது. வா. அது ஒரு பயமுறுத்தலா? இங்கே அடுப்பு இருக்கிறது, அறை இருக்கிறது, என் ஓய்வூதியத்தில் இரண்டு பேர் சாப்பிடும் சோற்றை நான்கு பேர் சாப்பிடலாம். ஊர் பேசும். பேசட்டும். உன்னைக் கட்டிக்கொடுத்தேன் என்பதற்காக உன் பிள்ளையின் வயிற்றையும் எழுதிக் கொடுத்துவிடவில்லை. ஆனால் நீ வர வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். மாப்பிள்ளை நல்ல பையன். அவனுக்கும் உன் தழும்பின் கதைதான் தெரியும். இந்தக் கடிதத்தை அவன் கையில் கொடு. படித்து முடித்தபின் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று பார்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் நானும் அம்மாவும் புறப்படுகிறோம். வத்தேகமையில் மாற வேண்டியிருந்தாலும் இருட்டுமுன் வந்துவிடுவோம். வெள்ளிக்கிழமை காலையில் உங்கள் வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். மஞ்சளோடு வருகிறவர் என் காலைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். உன் கால்களைப் பிடித்த கைகள் இவை. உன் மகனின் கால்களை யாரும் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளவும் இவற்றால் முடியும். அறுபது வயதுக் கிழவனைத் தூக்கி அப்புறப்படுத்துவதானால் செய்யட்டும். அம்மா சுளகு ஒன்றும் எடுத்து வருகிறாள். நான் சொல்லவில்லை, அவளாகவே கட்டிவைத்திருக்கிறாள்.

இந்தக் கடிதத்தை இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று உனக்கு. மற்றதை இங்கே ஒரு பத்திரிகையில் போடக் கொடுக்கப்போகிறேன். யார் பெயரும் அதில் இருக்காது. ஆனாலும் பன்வில பக்கத்தில் படிக்கிற எவருக்கும் இது யார் என்று தெரிந்துவிடும். தெரிய வேண்டும் என்றுதான் கொடுக்கிறேன். பிரட்டுக் களத்தில் நின்று ஊருக்குச் சொன்ன பொய்யை வீட்டுக்குள் உட்கார்ந்து உன் காதில் மட்டும் மாற்றிச் சொன்னால் கணக்கு நேராகாது. எங்காவது ஒரு வீட்டில் இன்னும், வாத்தியார் மகளுக்கே வைத்தார்களாமே என்று விளக்கேற்றிக்கொண்டிருக்கலாம். இது உன் உடம்பைப் பற்றியது, ஆகவே உனக்குச் சம்மதமில்லை என்றால் வியாழக்கிழமை என் முகத்துக்கு நேரே சொல், நிறுத்திவிடுகிறேன். உன்னைக் கேட்காமல் உன் உடம்பில் ஒருமுறை செய்தது போதும்.

நான் எழுதியதை நம்பச் சொல்லவில்லை. என்னை நம்பி ஐந்து பேர் கெட்டார்கள். நீயே பார். கடிதத்தைக் கீழே வை. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு நான் கொடுத்த அந்தக் கடிகாரத்தை வாங்கி மாமியார் கையில் கொடுத்து, அவர் எதிரில் கதிரையில் உட்கார். சாதாரணமாக ஒரு மூச்சை இழுத்து, வாயை மூடி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, உன்னால் முடிந்தமட்டும் பிடிவாதமாக இரு. தோற்றதும் கடிகாரத்தை நீ வாங்கிக்கொண்டு, அவரை உட்காரச் சொல்.